கையெழுத்துக்குப் பதில் ஒரு தலகாணி

இன்ஜினியர் ஆவதற்காக மாதக்கணக்கில் உட்கார்ந்து படித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வெயிலில் நின்று தொழில் கற்றவர்களையும் பார்த்திருக்கிறேன். படுத்தே இன்ஜினியர் ஆனவர் இந்த ராமநாதபுரம் ஜில்லாவில் ஒரே ஒருவர்தான். பூமியிலேயே அவர் ஒருவர்தான் என்பது என் கட்சி. மறுக்கிறவர்கள் இன்னொரு ஆளைக் கொண்டுவந்து காட்டட்டும்.

பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று அவருக்கு இருந்திருக்கும், ரேஷன் கார்டில். ஊரில் யாருக்கும் அது தேவைப்படவில்லை. 'தலகாணி இன்ஜினியர் வீடு' என்று சொன்னால் பஸ் கண்டக்டரே சரியான இடத்தில் விசில் கொடுத்து இறக்கிவிடுவார். சைக்கிள் கேரியரில் சுருட்டிய பாய், அதன் மேல் நீலக்கோடு போட்ட உறையோடு ஒரு தலகாணி, இரண்டையும் சேர்த்து ஒரு சணல் கயிறு. அந்தக் கோலத்தில் அவர் கேணிக்கரைப் பக்கம் போனால் டீக்கடையிலிருந்து கேட்பார்கள்: "இன்னைக்கு எந்த வீட்ல படுக்கை?" அதில் கிண்டல் துளியும் இருக்காது. கோயிலில் இன்றைக்கு என்ன அலங்காரம் என்று விசாரிக்கிற குரல் அது.

அப்போது நான் அரண்மனைக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் அம்மோனியா பிரிண்ட் கடை வைத்திருந்தேன். வீட்டு பிளானைப் பெரிய தாளில் நகல் எடுக்கிற கடை. அம்மோனியா நெடிக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டும். புது வீடு கட்டப் போகிற சந்தோஷத்தில் உள்ளே வருகிறவர்கள், திரும்பும்போது துட்டி கேட்கச் சாவு வீட்டுக்குப் போய்வருகிறவர்கள் மாதிரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு போவார்கள். ஊரில் யார் எங்கே எத்தனை ரூம் போடுகிறார் என்பது அவர்கள் பெண்டாட்டிக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். தலகாணி இன்ஜினியர் எனக்குப் பழக்கமானதும் அந்த நெடியில்தான்.

வீட்டு பிளான் நகராட்சியில் பாஸாக வேண்டுமென்றால் லைசென்ஸ் வாங்கிய இன்ஜினியர் ஒருவர் அதில் கையெழுத்துப் போட வேண்டும். வீடு நின்றால் பெருமை வீட்டுக்காரருக்கு. விழுந்தால் கேள்வி கையெழுத்துக்காரருக்கு. அந்தக் கையெழுத்துக்கு அவ்வளவுதான் அர்த்தம். எங்கள் பக்கம் அப்போது லைசென்ஸ் வைத்திருந்தவர் ஒரு வயசாளி. தங்கமான மனிதர், கணக்கில் புலி. ஆனால் ஏணியில் இரண்டு படி ஏறினால் தலை சுற்றிவிடும். அதனால் அவர் என் கடை பெஞ்சிலேயே உட்கார்ந்து கையெழுத்துப் போடுவார். வேலை நடக்கிற இடத்துக்குப் போய்க் கம்பி கட்டுவதை, கலவை போடுவதை, தண்ணீர் விடுவதைப் பார்க்க ஒரு சூப்பர்வைசர் வைத்திருந்தார். அந்த சூப்பர்வைசர்தான் நம் ஆள்.

முதுகுளத்தூர்ப் பக்கத்து சம்சாரி வீட்டுப் பிள்ளை. பெற்ற அய்யா வானம் பார்த்த காட்டில் மிளகாய் போட்டவர். இவர் படம் வரைகிற தொழிற்படிப்பு படித்துவிட்டு வேலைக்கு வந்தார். வந்த இடத்தில், எப்படியாவது தானும் லைசென்ஸ் வாங்கி ஒரு பிளானிலாவது தன் பேரைப் போட்டுவிட வேண்டும் என்று ஒரு ஆசை வந்து ஒட்டிக்கொண்டது. அதற்கு முதலில் இன்ஜினியர் பரீட்சை தேற வேண்டும். வேலை பார்த்துக்கொண்டே தனியாகப் படித்து எழுதுகிற பரீட்சை ஒன்று உண்டு. காலேஜ் வாசலை மிதிக்க வேண்டாம். ஆனால் பாதி படிக்கும்போதே, காலேஜ் வாசலிலேயே போய்ப் படுத்திருக்கலாம் என்று தோன்ற வைத்துவிடுமாம்.

முதுகுளத்தூர் பஸ்தான் அவருக்குக் காலேஜ். பக்கத்தில் உட்காருகிறவர் யாராக இருந்தாலும் அவர்தான் சக மாணவர். ஒருநாள் ஆட்டு வியாபாரி ஒருவர் சிக்கினார். நம் ஆள் பையிலிருந்த முருங்கைக்காயை எடுத்து இரண்டு விரலில் தாங்கி, "உத்திரம் இப்படித்தான் இருக்கும். பாரம் ஏத்துனா நடுவுலதான் அதிகமா வளையும். ஒடைஞ்சா அங்கனதான் ஒடையும்" என்று விளக்கியிருக்கிறார். காலடியில் நின்ற ஆடு எட்டி ஒரே கடியில் காயை இரண்டாக்கிவிட்டது. இவர் திகைத்துப் போய்ப் பார்க்க, வியாபாரி நிதானமாகச் சொன்னாராம்: "நீக சொன்னது சரிதான். நடுவுலதான் போச்சு."

வீட்டில் கேள்வி கேட்கிறவர் அவருடைய மனைவி. அவரை நான் அண்ணன் என்று கூப்பிடுவதால் எனக்கு மதினி. மதினிக்கு இங்கிலீஷ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. ஆனாலும் புத்தகத்தை விரித்துக் கையில் பிடித்துக்கொள்வார். கணவர் ஒப்பிக்க ஒப்பிக்க, நடுவில் "தப்பு" என்பார். அந்தத் 'தப்பு' தொண்ணூறு சதம் சரியாக இருக்கும்.

"எப்படி மதினி கண்டுபிடிக்கிறீக?" என்று கேட்டேன்.

"புத்தகத்தை யாரு பாத்தா? இவுக முழிக்கிற முழியைத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றார்.

அப்படித்தான் அந்த மனிதர் பரீட்சைகளைத் தாண்டினார். வேலையிலும் கெடுபிடிதான். கடலோரத்து வேலை என்றால் மணலை நாக்கில் வைத்துப் பார்ப்பார். உப்புக் கரித்தால், கம்பியைத் தின்றுவிடும் என்று வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார். மண்டபத்தில் ஒரு கொத்தனார், "அண்ணே, கொஞ்சம் ரசம் ஊத்தட்டா? அப்படியே மத்தியானச் சாப்பாட்டை இங்கனயே முடிச்சுக்கலாம்ல" என்று கேட்டதற்கு, "ஊத்துப்பா, அதுல உப்பு கம்மியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டி மணலைக் கிள்ளினார்.

தலகாணி வந்த கதைக்கு வருகிறேன். ராமநாதபுரத்தில் ஒரு நர்ஸ் அம்மா ஓட்டுச் சாய்ப்பில் குடியிருந்துகொண்டு பக்கத்திலேயே வீடு கட்டினார். தளம் போட்டு, ஈரம் காத்து, முட்டுப் பிரிக்கிற நாள் வந்தது. ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன்: கான்கிரீட் தளம் போடும்போது அது இறுகுகிற வரைக்கும் கீழே பலகை அடித்து, சவுக்குக் கம்புகளால் தாங்கி நிறுத்தியிருப்பார்கள். அந்தக் கம்புகளுக்குத்தான் முட்டு என்று பேர். அதைத் தட்டி எடுக்கிற நாளில்தான் தளம் முதன்முறையாகத் தன் காலில் நிற்கும். வீட்டுக்காரர்கள் குலதெய்வத்துக்கு நேர்ந்துகொள்கிற நாள் அது.

நர்ஸ் அம்மா பிளானைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "இதுல கையெழுத்துப் போட்டவர் யாரு? ஒரு நாள்கூட இங்க வரலையே."

"அவருக்கு ஏணி ஒத்துக்காதும்மா. நான்தான் பாத்தேன்."

"நீங்க பாத்தீங்கன்னா நீங்க கையெழுத்துப் போட வேண்டியதுதானே?"

"எனக்கு லைசென்ஸ் இல்லம்மா. போட முடியாது."

"அப்ப நாளைக்கு இது இடிஞ்சு விழுந்தா நான் யாரைப் போய்க் கேக்கிறது?"

நம் ஆள் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார். ஹாலுக்கு நடுவில், முட்டுக் காட்டுக்குள்ளே, தரையில் விரித்தார். மல்லாக்கப் படுத்துக்கொண்டார்.

"என்னையக் கேளுங்க" என்றார். "ஏலே, தட்டுங்கடா."

கொத்தனார் கெஞ்சினார். சித்தாள்கள் சிரித்துப் பார்த்தார்கள், பிறகு அழுது பார்த்தார்கள். மனிதர் எழுந்திருக்கவில்லை. நர்ஸ் அம்மா ஓடிப்போய் வீட்டிலிருந்து ஒரு தலகாணியை எடுத்துவந்து அவர் தலைக்கு அடியில் கொடுத்தார். நீலக்கோடு போட்ட உறை, கல் மாதிரி பஞ்சு. தலகாணியில் தலை பட்டதும் கண்ணை மூடினார். முதல் முட்டு விழுந்தது. இரண்டாவது விழுந்தது. அப்புறம் அந்த ஹாலில் ஒரு சத்தம் கேட்டது. எல்லாரும் தளத்தை அண்ணாந்து பார்த்தார்கள். சத்தம் மேலிருந்து வரவில்லை. குறட்டை.

நானே பிற்பாடு என் கண்ணால் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். என்னால் இன்றுவரை நம்ப முடியாத காட்சி அது. மேலே எத்தனை டன்னோ பாரம். அதைத் தாங்கியிருந்த கம்புகள் ஒவ்வொன்றாக விலகுகின்றன. அடியில் ஒரு மனிதர் தாலாட்டுக் கேட்ட குழந்தை மாதிரி தூங்குகிறார். வழக்கமாகப் பலகையைப் பிடுங்கித் தடாலென்று எறிகிற ஆட்கள், அவர் படுத்திருந்தால் தொட்டிலிலிருந்து பிள்ளையைத் தூக்குகிற மாதிரி தூக்கி இறக்குவார்கள். பேச்செல்லாம் சாடைதான். ஒரு தடவை பலகை ஒன்று நழுவி அவர் முழங்காலில் விழுந்தது. எல்லாரும் உறைந்து போனோம். மனிதர் ஒரு இருமல் இருமிவிட்டுக் குறட்டையைத் தொடர்ந்தார். எல்லாம் எடுத்து முடித்ததும் எழுந்து, சோம்பல் முறித்து, "காத்து நல்லா வருது" என்று மட்டும் சொல்வார். அதுதான் அவர் தருகிற சான்றிதழ்.

கையெழுத்து வயசாளியுடையது, முதுகு இவருடையது என்று ஊர் இரண்டையும் பிரித்து வைத்துக்கொண்டது. கொஞ்ச நாளில் ஊருக்குக் கையெழுத்து மறந்தே போனது. முதுகைத்தான் கேட்டார்கள். "தலகாணி படுத்தாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் சம்பந்தி வீட்டார் புதுவீட்டுக்குள் கால் வைத்தார்கள். தங்கச்சிமடத்தில் ஒரு வீட்டில் புதுப்பாய் விரித்துப் பன்னீர் தெளித்தார்கள். திருவாடானையில் ஒருத்தர் மேளம் வைத்துவிட்டார். மேளச் சத்தத்திலும் மனிதர் குறட்டை விட்டதுதான் பெரிய பேச்சு.

மதினிதான் குறைப்பட்டுக்கொள்வார். "ஊர்ல ஒரு வீடு பாக்கியில்லாம காங்கிரீட்டுக்கு அடியில படுத்தெந்திரிச்சு வாராக. நம்ம வீடு மட்டும் பனையோலை. மழை பேஞ்சா நான்ல முழிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்."

"லைசென்ஸ் வரட்டும்" என்பார் இவர். எல்லாவற்றுக்கும் அதுதான் பதில்.

பரீட்சை எல்லாம் தேறி, லைசென்ஸுக்கு எழுதிப் போட்டு, மதுரைக்கு நேர்முகத்துக்கு வரச் சொல்லித் தபாலில் தாக்கல் வந்தபோது, தேர் வடத்தில் கை வைத்த மாதிரி தெருவே பரபரத்தது. மூன்று அதிகாரிகள் கேள்வி கேட்பார்கள். நடுவில் இருப்பவர் செயற்பொறியாளர், ஒரு அம்மா. அவர் ஓகே சொன்னால் லைசென்ஸ். கிளம்புவதற்கு முந்தின நாள்கூட மனிதர் வீட்டில் இருக்கவில்லை. நயினார்கோவில் பக்கத்தில் கருப்பையா என்று ஒரு பெரிய மிளகாய் விவசாயி வீடு கட்டிக்கொண்டிருந்தார். மறுநாள் அங்கே தளம் போடுகிறார்கள். போய்க் கட்டியிருந்த கம்பியை ஒன்று விடாமல் பார்த்து, "இதுல கை வைக்காம அப்படியே போடுங்க" என்று கொத்தனாரிடம் சொல்லிவிட்டுத்தான் மதுரை பஸ் ஏறினார்.

மதுரையில் நடந்ததை அவரே என் கடையில் உட்கார்ந்து சொன்னார். கேட்ட கேள்விக்கெல்லாம் பதில். மண் சொன்னார், கம்பி சொன்னார், உப்புக்காற்றில் கம்பி துருப்பிடிக்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று சொன்னார். இரண்டு அதிகாரிகள் தலையை ஆட்டிவிட்டுப் பேனாவை மூடிவிட்டார்களாம். கடைசியாக அந்த அம்மா, சும்மா கேட்டு வைப்போம் என்பது போல, "முட்டுப் பிரிக்கும்போது பாதுகாப்புக்கு என்னென்ன ஏற்பாடு செய்வீங்க?" என்று கேட்டார்.

"ஒரு பாய், ஒரு தலகாணிம்மா" என்றார் இவர்.

மூடிய பேனாக்கள் திறந்தன. என்ன ஏது என்று கேட்டார்கள். இவரும் பெருமையாக, நர்ஸ் அம்மா வீட்டிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"நீங்க கீழ படுத்ததால அந்தத் தளத்துக்கு ஒரு மூட்டை சிமெண்ட் கூடுதலாக் கெடச்சுதா?"

"இல்லம்மா."

"ஒரு கம்பி?"

"இல்லம்மா."

"அப்புறம் எதுக்குப் படுத்தீங்க?"

"கையெழுத்துப் போட எனக்கு உரிமை இல்லம்மா. வேற என்னத்தப் போட முடியும்? உடம்பைத்தான் போட்டேன்."

அந்த அம்மா கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, "கையெழுத்துன்னா, ஏதாவது ஆச்சுன்னா உயிரோட நின்னு பதில் சொல்றேன்னு அர்த்தம். நீங்க அடியில நசுங்கிக் கெடந்தா யாரு பதில் சொல்லுவா? முட்டு எடுக்கிற இடத்துல ஒருத்தரும் நிக்கக்கூடாதுங்கிறது முதல் பாடம். அதையே மீறுற ஆளுக்கு நான் எப்படி லைசென்ஸ் குடுக்கிறது? இனிமே படுக்க மாட்டேன்னு எழுதிக் குடுங்க, தர்றேன்" என்றாராம்.

"எழுதிக் குடுத்தீகளாண்ணே?" என்று கேட்டேன்.

"மாட்டேன்னுட்டு வந்துட்டேன்" என்றார். "அந்தம்மாவுக்குப் புத்தகம் தெரியும். நம்ம சனங்களத் தெரியாது தம்பி. நான் படுக்கலேன்னா இவுகளுக்குத் தூக்கம் வருமா?"

இத்தனை வருஷத்து ஆசையை ஒரு தலகாணிக்காக விட்டுவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அம்மோனியா நெடியில் எல்லார் கண்ணும் கலங்கும். அன்றைக்கு அவர் கண்ணைப் பார்த்து எதனால் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

கருப்பையா வீட்டில் முட்டுப் பிரிக்கிற நாளும் வந்தது. பிளான் நகல் எடுத்தவன் என்கிற முறையில் எனக்கும் அழைப்பு. பாயையும் தலகாணியையும் பஸ்ஸின் மேல் போட்டுக்கொண்டு இருவரும் நயினார்கோவில் போய் இறங்கினோம். வாசலில் பந்தல். முதுகுளத்தூரிலிருந்து சொந்தபந்தம் வேன் பிடித்து வந்திருந்தது. ஹாலுக்கு நடுவில் இலவம்பஞ்சு மெத்தை, ரோஸ் நிற வெல்வெட் தலகாணி.

கருப்பையா மெத்தையைத் தட்டிக் காட்டினார். "நீக கல்லுத் தலகாணியத் தூக்கிக்கிட்டு அலையிறதப் பாத்தா எனக்கு மனசுக்குப் பொறுக்கல. அதான் புதுசா தைக்கச் சொன்னேன். நீக இருக்கிற தைரியத்துலதான் இந்த வீடே. மாட்டுக் கொட்டகைக்கு நாலு கம்பி பத்தாமப் போச்சு. நீகதான் படுக்கப் போறீகளேன்னு தளம் போடுறதுக்கு முன்னாடி இங்கன கட்டுனதுல ஒண்ணு விட்டு ஒண்ணு உருவிட்டோம்."

ஒளிவு மறைவு கிடையாது. தப்பு செய்கிறோம் என்கிற நினைப்பே அந்த மனிதருக்கு இல்லை. வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையிடம், உங்களுக்காக ஆட்டுக்கறி எடுத்திருக்கிறோம் என்று சொல்கிற முகம். கொத்தனார்கூட ஆமாம் என்று தலையாட்டினார்.

தலகாணி இன்ஜினியர் மேலே பார்த்தார். அப்புறம் மெத்தையைப் பார்த்தார். கையில் பாதி பிரித்திருந்த பாயை மெதுவாக மறுபடி சுருட்டினார்.

"எல்லாரும் வெளிய வாங்க" என்றார். "முட்டுல ஒருத்தரும் கை வைக்கக் கூடாது. இந்தத் தளத்தை மேலயிருந்து ஒடச்சு எடுத்துட்டுப் புதுசாப் போடணும்."

பந்தல் ஒரேயடியாகப் பேச ஆரம்பித்தது.

"ஏன், மெத்தை சரியில்லையா?"

"அஞ்சு நிமிசம் சாஞ்சுட்டு எந்திரிச்சுருங்களேன்."

"மல்லாக்க வேணாம். ஒருக்களிச்சாவது படுங்க."

"அப்படி ஓரமா, வாசப்படிகிட்ட படுத்தாலும் கணக்குதான்" என்றார் ஒரு பெரியவர், தாராளமாக.

கருப்பையாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "எம்புட்டுப் பேருக்குப் படுத்தீக. எனக்குன்னு வரும்போது மட்டும் முதுகு வலிக்குதோ? ஊர்ச் சனத்துக்கு முன்னாடி என்னைய அசிங்கப்படுத்தணும்னே வந்தீகளா?"

அந்த நேரத்தில் அவருடைய மச்சினன், வாட்டசாட்டமான ஆள், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே போனார். "என்னமோ உலகத்துல இவுகளுக்கு மட்டும்தான் படுக்கத் தெரியுமாக்கும்" என்று மெத்தையில் விழுந்து காலை நீட்டினார். "தட்டுங்கலே."

ஒருவன் சம்மட்டியை எடுத்தேவிட்டான். தலகாணி இன்ஜினியர் பாயை விட்டெறிந்துவிட்டு ஓடி, அவன் தட்டப் போன முட்டுக் கம்பை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டார். பிள்ளையைக் கட்டிப்பிடிக்கிற மாதிரி. சம்மட்டி அந்தரத்தில் நின்றது.

"நான் படுத்த தளமெல்லாம் நிக்கும்னு தெரிஞ்சு படுத்தேன்" என்றார். "கம்பியை எண்ணிப் பாத்து, மணலை நக்கிப் பாத்து, ஈரம் காயாமக் காத்து, நிக்கும்னு தெரிஞ்ச பெறகு படுத்தேன். நான் படுத்ததுனால ஒண்ணும் நிக்கல. எந்திரிங்க மாப்ள. உங்க காலப் பிடிச்சுக் கேக்கிறேன்."

சொன்னபடியே காலைப் பிடித்தார். பிடித்து, அவ்வளவு பெரிய ஆளை மெத்தையோடு வாசல் வரைக்கும் இழுத்து வந்துவிட்டார். அந்த ஒல்லி உடம்புக்கு அந்த பலம் எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் நயினார்கோவில் பக்கம் பேசுகிறார்கள்.

கடைசியில் முடிவு சொன்னது கருப்பையாவின் மனைவி. அதுவரைக்கும் அடுப்படியில் இருந்தவர் வெளியே வந்தார். "அவுக படுக்காத வீட்ல நான் உலை வைக்க மாட்டேன்" என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் பேச்சில்லை. எத்தனையோ வீட்டில் அவர் படுத்ததை நம்பின சனம், அவர் படுக்காததை அதைவிடக் கெட்டியாக நம்பியது. தளத்தை உடைத்தார்கள், முழுக் கம்பியும் வைத்துப் புதிதாகப் போட்டார்கள். கொட்டகைக்குள் போன கம்பி மட்டும் போனது போனதுதான். புயலடித்தால் அக்கம்பக்கத்துச் சனம் இன்றைக்கும் கருப்பையாவின் மாட்டுக் கொட்டகையில்தான் ஒதுங்குகிறது.

திரும்பி வரும்போது பஸ் சத்திரக்குடி தாண்டினதும், ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்: "அந்தம்மாவுக்கு நம்ம சனங்களைத் தெரிஞ்சிருக்கு தம்பி. எனக்குத்தான் தெரியல."

மறுநாள் என் கடை பெஞ்சில் உட்கார்ந்து மதுரைக்கு எழுதினார். இனிமேல் எந்தத் தளத்துக்கு அடியிலும் படுக்க மாட்டேன் என்று உறுதி கூறுகிறேன், அவ்வளவுதான். ஒரு இன்ஜினியர் அரசாங்கத்துக்கு இப்படி ஒரு உறுதிமொழி எழுதிக் கொடுத்தது இதற்கு முன்னும் இருக்காது, பின்னும் இருக்காது. லைசென்ஸ் வந்தது. மதினி அதை மஞ்சள் தடவி சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட, ஆபீஸில் காட்டக் கேட்டபோது அதைத் துடைத்தெடுக்கப் பட்ட பாடு தனிக்கதை.

அவர் முதல் கையெழுத்துப் போட்டது என் வீட்டு பிளானில். பட்டணம்காத்தான் பக்கம் வாங்கிப் போட்டிருந்த இடத்தில் நானும் வீடு கட்டத் துணிந்தேன். வயசாளி இன்ஜினியரும் அன்றைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். நம் ஆள் கை கழுவினார். பேனாவைத் திறந்தார், மூடினார். "ஒரு நிமிசம்" என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் என் இடத்து மண்ணை இன்னொரு தடவை பார்த்துவிட்டு வந்தார். மறுபடி பேனாவைத் திறந்தார். வேர்த்துக் கொட்டியது. டன் கணக்கில் கான்கிரீட்டுக்கு அடியில் குறட்டை விட்ட மனிதருக்கு ஒரு கையெழுத்துப் போட இவ்வளவு நேரம் பிடிப்பதை நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"போடுப்பா. பாரமாத்தான் இருக்கும். இத்தனை நாள் எனக்குத் தெரியாமப் பாத்துக்கிட்டது நீதானே" என்றார் வயசாளி.

போட்டார்.

என் வீட்டில் முட்டுப் பிரித்த அன்று சுற்றிலும் கயிறு கட்டிவிட்டார். கயிற்றுக்கு வெளியே பாதித் தெரு. என் மனைவி பழக்க தோஷத்தில் பாயை எடுத்துவர, வேண்டாம் என்று தலையசைத்தார். சனங்களுக்கு ஏமாற்றம். "படுக்கலையாமே" என்று ஒரு முணுமுணுப்பு. தலகாணியை மட்டும் கொண்டு வந்திருந்தார். அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கயிற்றோரம் நின்றார். ஒவ்வொரு முட்டு விழும்போதும் அதை இறுக்கினார். கடைசி முட்டு விழுந்தபோது தலகாணியின் தையல் விட்டு, அவர் சட்டையெல்லாம் பஞ்சு. தளம் அசையாமல் நின்றது. அவர்தான் கீழே உட்கார்ந்துவிட்டார்.

அடுத்து வந்த முகூர்த்தத்தில் பால் காய்ச்சினோம். தலகாணியை என் மனைவி தைத்து வைத்திருந்தாள். முதல் பந்தியில் சாப்பிட்டுவிட்டு, "கொஞ்சம் சாஞ்சுக்கிறேன் தம்பி" என்று ஹால் மூலையில் தலையைச் சாய்த்தவர், சாய்ந்த மாத்திரத்தில் தூங்கிப்போனார். பிள்ளைகள் ஓடுகின்றன, பாத்திரங்கள் உருளுகின்றன, மனிதரிடம் அசைவில்லை. மூச்சு விடுகிறாரா என்றுகூடத் தெரியவில்லை. எனக்குப் பயம் வந்து மதினியைக் கூப்பிட்டேன்.

"மதினி, என்ன அண்ணனுக்கு உடம்புக்கு முடியலையா? குறட்டையையே காணோம்."

மதினி எட்டிப் பார்த்துவிட்டு, "இவுக என்னைக்குக் குறட்டை விட்டாக?" என்றார். "கல்யாணம் ஆன நாள்ல இருந்து நான் கேட்டதே இல்லையே. தூங்குனா இப்படித்தான் கெடப்பாக, கல்லு மாதிரி."

நான் ஒவ்வொரு வீடாக நினைத்துப் பார்த்தேன். நர்ஸ் அம்மா வீடு, மண்டபம், தங்கச்சிமடம், திருவாடானை, அந்த மேளச் சத்தம். ஒரு வீட்டில்கூட அந்த மனிதர் தூங்கவில்லை. முட்டு ஒவ்வொன்றாக விலகுவதைக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டு, கொட்டக் கொட்ட விழித்துக் கிடந்திருக்கிறார். வெளியே நிற்கிற வீட்டுக்காரர்களுக்குப் பயம் வந்துவிடக் கூடாதே என்று குறட்டை விட்டிருக்கிறார்.

இரண்டாம் பந்தி உட்காரப் போனது. பந்தியைக் கொல்லைப் பக்கம் மாற்றிவிட்டு, பரிமாறுகிறவர்களிடம் போய், கரண்டி வாளியில் படாமல் பாயசம் ஊற்றச் சொன்னேன்.